செட்டாக வாங்கிய டெஸ்க்டாப்பில் கேம்: சூடு, பவர், பஞ்சு. நம்ம பக்கத்து அனுபவங்கள்

பீளமேட்டுக்காரன்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. கடையில் செட்டாக வாங்கிய டெஸ்க்டாப்பில் கேம் ஆடுகிறவர்களுக்கு இந்த மாதங்களில் ஒரே புலம்பல்தான். அவரவர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

என்னுடையது கேமிங் பிசி என்று சொல்லியே விற்கப்பட்டது. ஐ5-10400எஃப், ஆர்டிஎக்ஸ் 3060, 16 ஜிபி ரேம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குப் பின்னால் கலர் கலராக எரியும் மூன்று ஃபேன். பார்வைக்கு அமர்க்களம். ஆனால் அந்த ஃபேன்களுக்குக் காற்று வர, கண்ணாடி ஓரத்தில் விரல் நுழையாத ஓர் இடுக்கு மட்டுமே. மார்கழியில் ஒன்றும் தெரியவில்லை. பங்குனி பிறந்ததும் ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் படம் தத்தித் தத்தி ஓடியது. சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் சிபியு 98, 99 டிகிரியில் நிற்கிறது. இந்தச் சிப்புக்கு உச்சவரம்பு 100. அதைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதுதான் அந்தத் தத்தல். கிராபிக்ஸ் கார்டு 84.

விற்ற கடையில் கேட்டேன். “கேமிங்குன்னா அப்படித்தாங்க சூடாகும்” என்று சொல்லிவிட்டு, லிக்விட் கூலருக்கு ஒரு விலை சொன்னார்கள். அதற்கு முன்னால் காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பக்கவாட்டுக் கதவையும் முன் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, அதே கேமை, அதே இடத்தில், அதே நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். எனக்குக் கார்டு 84-லிருந்து 74-க்கு இறங்கியது. சிபியு மூன்று நான்கு டிகிரிகூட இறங்கவில்லை. ஆக, கார்டுக்குப் பெட்டிக்குள் காற்று பற்றவில்லை. சிபியு கதை வேறு. பெட்டியைத் திறந்து வைத்தும் சூடு குறையவில்லை என்றால் கோளாறு கூலரிலோ, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டிலோ இருக்கிறது.

இன்டெல்லோடு வரும் அந்தச் சின்ன கூலருக்கு நாலு பிளாஸ்டிக் கால் இருக்கும். போர்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் நாலிலும் கறுப்பு முனை வெள்ளையைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டும். எனக்கு மூன்றில்தான் நின்றது, நாலாவதில் வெள்ளை மட்டும். கழற்றினால் பேஸ்ட் ஒரு பக்கம் சப்பையாகப் பதிந்தும் மறுபக்கம் குழாயிலிருந்து பிதுக்கியபடி அப்படியேயும் இருந்தது. அதாவது செட் பண்ணிய அன்றிலிருந்தே கூலர் சாய்ந்தபடிதான் உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கூலரையே திரும்பச் சரியாக மாட்டலாம். கழற்றியதுதான் கழற்றினோம் என்று, 120 மி.மீ. ஃபேன் வைத்த டவர் கூலராகவே போட்டேன், இரண்டாயிரத்துச் சொச்சம். வாங்கும் முன் பெட்டியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், இந்த வகை 150 முதல் 160 மி.மீ. உயரம் நிற்கும். முன் கண்ணாடிக்குக் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமா கை கொடுத்தார். அலுமினியத் தடியில் 20 மி.மீ. நீளத்துக்கு நாலு புஷ் கடைந்து தந்தார், கூடவே நீள ஸ்குரூ. கண்ணாடி இப்போது பெட்டியை விட்டு இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. அதே கேமில் சிபியு 72, கார்டு 76. மாமா கேட்ட ஒரே கேள்வி, “கண்ணாடியே எதுக்கு மாப்ள?”

இன்னொன்று. 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாகப் போட்டிருந்தார்கள். அதே வேகத்தில் இன்னொன்று சேர்த்து இரட்டைச் சேனலாக்கியதும் (இரண்டு குச்சியும் ஒரே நேரத்தில் வேலை செய்வது) கூட்டமான இடங்களில் வரும் திடீர்ச் சறுக்கல் நன்றாகவே குறைந்தது. கார்டை மாற்ற நினைப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

திருப்பூர் சர்வீஸ்

நான் பார்ப்பது பெரும்பாலும் மற்றவர்களுடைய பெட்டிகள். எங்கள் ஊரில் சூட்டுக்கு முதல் காரணம் வெயில் இல்லை, பஞ்சு.

பனியன் கம்பெனி ஆபீசில் ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப்புக்குக் கார்டு போட்டு, முதலாளி மகன் வீட்டுக்கு எடுத்துப்போய் ஆடுவது இங்கே சகஜம். போன மாதம் அப்படி ஒன்று வந்தது. “கார்டு போட்டதிலிருந்து அரை மணி நேரத்தில் ஆஃப் ஆகிறது, பவர் சப்ளை மாற்றிக் கொடுங்க” என்றார்கள். கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே பளிச்சென்று இருக்கிறது, யாரோ வெளியே தெரிகிற தூசியை ஊதி விட்டிருக்கிறார்கள். சிபியு ஃபேனின் நாலு ஸ்குரூவையும் கழற்றித் தூக்கினேன். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம், நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் முழுசாக உரிந்து வருகிறது. அடியில் வெள்ளை, அதன்மேல் கருநீலம், மேலே ரோஸ். எந்தெந்த ஆர்டர் எப்போது ஓடியது என்று கம்பெனி மேனேஜரே சொல்லிவிடலாம். ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்று ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை. பவர் சப்ளைக்குள்ளும் இதே கதை. சுத்தம் செய்து, காய்ந்துபோன பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக வைத்தேன். வேறு எதையும் மாற்றவில்லை. இப்போது ஆஃப் ஆவதில்லை.

ஊதுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் எல்லோர் பட்டறையிலும் கம்ப்ரசர் இருக்கிறது. முதலில் டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். இல்லையென்றால் காற்றோடு ஈரமும் போர்டில் தெறிக்கும். பிரஷரைக் குறையுங்கள், ஒரு முழம் தள்ளி நின்று ஊதுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பசங்களுக்கு அது விர்ரென்று சுற்றுவதைப் பார்க்க ஆசை, ஆனால் அந்த வேகத்துக்குச் செய்த பேரிங் இல்லை அது. பஞ்சு நாராக இருப்பதால் ஊதினால் மட்டும் போகாது. ஃபேனைக் கழற்றிப் பெயின்ட் பிரஷால் வழித்தெடுக்க வேண்டும்.

ஃபில்டருக்கு நான் காசு வாங்குவதில்லை. ஸ்போர்ட்ஸ் டீ-சர்ட்டுக்குப் போடும் நெட் துணி கட்டிங் வேஸ்ட்டில் கிடைக்கும். கண் பெரிதாக உள்ளதாகப் பார்த்து, முன்பக்க அளவுக்கு வெட்டி, ஓரத்தில் வெல்க்ரோ ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். நெருக்கமான துணி வேண்டாம், அது பஞ்சை நிறுத்துவதோடு காற்றையும் நிறுத்திவிடும். வாரம் ஒருமுறை உருவி உதறினால் போதும்.

ரைசன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏஎம்4 சாக்கெட் என்றால் கூலரை நேராக இழுக்காதீர்கள். பேஸ்ட் இறுகியிருந்தால் சிபியுவும் கூடவே பிய்த்துக்கொண்டு வரும், அதன் ஊசிகள் வளையும். பத்து நிமிடம் ஏதாவது ஓடவிட்டுச் சூடாக்கி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இடமும் வலமுமாக லேசாகத் திருகிய பிறகு தூக்குங்கள்.

ஈரோடு பழைய டவர்

நான் சொல்லப்போவது ஆபீஸ் டவர் வாங்கிக் கேமிங் பிசி ஆக்குகிற கதை. ரீகண்டிஷன் செய்த பெரிய கம்பெனி டவர்கள் சல்லிசாகக் கிடைக்கின்றன, அதனால் எல்லோரும் அதில் இறங்குகிறார்கள்.

என் பங்காளி ஒருவர் வீட்டில் அப்படி ஒன்று. 240 வாட் பவர் சப்ளை. கார்டுக்கு 6 பின் பவர் வேண்டும், சப்ளையில் அந்த வயரே இல்லை. ஆன்லைனில், ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்கியிருக்கிறார். ஆடிக்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை. போய்ப் பார்த்தால் சாட்டா முனை உருகிப் பழுப்பேறி, கார்டு வயரோடு ஒட்டிப் போயிருக்கிறது. நல்ல வேளை, கார்டு பிழைத்தது. கணக்கு எளிது. சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர், மொத்தம் 54 வாட். 6 பின் கார்டு அந்த வழியாக 75 வாட் வரை இழுக்கலாம். அந்த அடாப்டரை விற்பவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

பவர் சப்ளையை மாற்றலாமே என்றால் அங்கேதான் கம்பெனி டவர்களின் குசும்பு. பல மாடல்களில் போர்டுக்கு வழக்கமான 24 பின் இருக்காது, 6 அல்லது 8 பின்னாக அவர்களே வகுத்தது இருக்கும். மாற்று வயர் கிடைக்கிறது, ஆனால் சரியாக அந்த மாடலுக்கானதா என்று பார்க்காமல் சொருகினால் போர்டே போய்விடும். சப்ளையின் உருவமும் வேறு, சாதாரண ஏடிஎக்ஸ் அளவு சப்ளை உள்ளே உட்காராது. கூலரும் அப்படித்தான். பழைய கூலரின் ஸ்குரூ நேராகப் பெட்டியின் தகட்டிலேயே இறங்கியிருக்கும், போர்டுக்குப் பின்னால் வைக்க வேண்டிய புது கூலரின் பேக் பிளேட்டுக்கு இடமிருக்காது. ஃபேன் சாக்கெட்டையும் மாற்றி வைத்திருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃபேன் கோளாறு என்று திரை நின்றுகொண்டு எஃப்1 அழுத்தச் சொல்லும்.

இத்தனைக்கும் பிறகு நான் கண்ட வழி, அந்தப் பெட்டியோடு சண்டை போடாமல் அது தாங்கும் கார்டைப் போடுவதுதான். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தானே 75 வாட் தரும். அதற்குள் அடங்குகிற, தனி வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 என் டவரில் ஓடுகிறது. இன்று வாங்குவதென்றால் 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை, அது 70 வாட். 8 ஜிபி வகை வேறு, அது 130 வாட், அட்டைப்பெட்டியில் 3050 என்று பார்த்ததும் எடுத்துவிடாதீர்கள். ஆர்எக்ஸ் 6400-உம் 53 வாட்தான், ஆனால் போர்டோடு தரவு போய்வர நாலே லேன் (பாதை). பழைய டவர்களின் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட்டில் அதன் வேகம் கணிசமாகக் குறையும், எனக்கு அது சரிப்படவில்லை.

ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் டவரை இனிமேல் வாங்கப்போகிறவர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். வேலரன்ட் மாதிரி கேம்கள் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகளையும் கேட்கின்றன.

பொள்ளாச்சி நார்

எங்கள் பக்கம் பஞ்சுக்குப் பதில் தென்னை நார்த் தூள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் ஜன்னலோரம் பெட்டி வைக்கவே முடியாது. பின்னால் வெளியேற்றும் ஃபேனைவிட முன்னால் இழுக்கும் ஃபேன் ஒன்று கூடுதலாக வைத்து, இழுக்கிற பக்கம் மட்டும் ஃபில்டர் போட்டேன். உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடினால் மற்ற ஓட்டைகள் வழியாகத் தூள் நுழைவது குறைகிறது.

சூடு என்று நினைத்த ஒன்று சூடே இல்லாமலும் போகலாம். ஆடும்போது மட்டும் பட்டென்று அணைகிறதா? யுபிஎஸ்ஸைப் பாருங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் தருவது 360 வாட் அளவுதான், மானிட்டரும் அதிலேயே இருந்தால் கார்டு ஒரு நொடி எகிறும்போது தாங்காது. விலை குறைந்த யுபிஎஸ்களும் பழைய இன்வெர்ட்டர்களும் தருவது சீரான சைன் அலை இல்லை. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள பவர் சப்ளைகள் சில, கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்தக் கணத்தில் அணைந்துவிடும்.

கோபி அம்மா

தம்பிகளா, எனக்கு இதெல்லாம் பாதிதான் புரிகிறது. பையன் காலேஜ் முதல் வருஷம். அவன் வைத்திருப்பது கடையில் வாங்கிய ஐ5-12400எஃப், 65 வாட் என்கிறான். மாடி ரூம், மேலே சிமென்ட் ஷீட். மத்தியானம் ஆடினால் 90-க்குப் போகிறது, ராத்திரி 78-தான். தண்ணீர் கூலர் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வாங்கிக் கொடுக்கலாமுங்களா?

திருப்பூர் சர்வீஸ்

வேண்டாமுங்க அக்கா. தண்ணீர் கூலரும் அந்த ரூம் காற்றை வைத்துத்தான் ஆற்ற வேண்டும். ஃபேன் வைத்த எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது, அறையைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் நிறுத்தும். மத்தியானம் ஷீட்டுக்கு அடியில் ரூம் 40 இருக்கும், ராத்திரி 28. தம்பி சொல்கிற 90-க்கும் 78-க்கும் உள்ள வித்தியாசம் அந்த 12 டிகிரிதான். கம்ப்யூட்டரில் புதிதாகக் கோளாறு ஒன்றும் இல்லை.

65 வாட் சிப்புக்கு டவர் கூலரே தாராளம். அது எல்ஜிஏ 1700 சாக்கெட், ஓட்டைகளின் இடைவெளி 78 மி.மீ. பழைய 10, 11-ஆம் தலைமுறைக்கு 75. அதனால் வீட்டில் கிடக்கும் பழைய கூலரை மாட்டப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள், 1700-க்குக் கிளாம்ப் வருகிறதா என்று கேட்டு வாங்கட்டும். வாரண்டி ஸ்டிக்கர் இருந்தால் திறக்கும் முன் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அதற்கும் முன்னால் இன்றைக்கே ஒன்று செய்யச் சொல்லுங்கள். மானிட்டர் 60 ஹெர்ட்ஸா என்று பாருங்கள். ஆமாம் என்றால் கேம் செட்டிங்கில் பிரேமை (நொடிக்கு வரும் படங்களை) 60-இல் கட்டிவிடலாம். இப்போது 140, 150 என்று ஓடும் பிரேம்களில் பாதிக்கு மேல் அந்தத் திரை காட்டவே போவதில்லை, சூடு மட்டும் மிச்சம். அப்புறம் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கினால் ஒரு சில பிரேம்தான் போகும், பெட்டிக்குள் விடுகிற வெப்பம் அதைவிட அதிகமாகக் குறையும்.

மீதிக் காசுக்கு ஷீட்டின் மேலே வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடித்துவிடுங்கள். பையனுக்கு மட்டுமில்லை, துணி மடிக்க மாடிக்கு ஏறும்போது உங்களுக்கும் ஆகும்.

கோபி அம்மா

பெயின்ட் விஷயம் அவங்க அப்பாவிடம் சொல்லிவிட்டேன். 60-இல் கட்டச் சொன்னதற்குப் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், ஆனால் மத்தியானம் 81-க்கு மேலே போகவில்லை என்று அவனே வந்து சொன்னான். டவர் கூலருக்குக் காந்திபுரத்தில் விலை கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.