கேம்ல பாத்த மிருகம், அப்புறம் அதையே நேர்ல பாத்தது – உங்க அனுபவத்த சொல்லுங்க

ஃபார் க்ரை 4 வெளயாண்டவங்களுக்கு செந்நாய்னாலே கடுப்பு வரும். 2014ல வந்த கேம், இமயமலைப் பக்கம் ஒரு கற்பனை நாடு, நீங்க பாட்டுக்கு நடந்து போனாலும் கூட்டமா வந்து மேல பாயும், சுட்டுட்டு தோல உரிச்சு பை பெருசாக்கிக்கலாம். போன வருஷம் தெப்பக்காட்டுல இருந்து மசினகுடிக்கு பஸ்ல போறப்ப நெஜ செந்நாய பாத்தேன். ரோட்டோரம் ஒரு சின்ன கூட்டம், செங்காவி கலரு, வாலு மட்டும் கருப்பா புசுபுசுன்னு. பஸ் ஸ்லோவானதும் ஒண்ணு தலைய தூக்கி எங்கள பாத்துச்சு, அடுத்த நொடி எல்லாம் உண்ணிச்செடிக்குள்ள போயிருச்சு, கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து விசிலடிக்கிற மாதிரி சத்தம். பக்கத்து சீட்ல இருந்த உள்ளூர் அண்ணன், "பிரிஞ்சு போனத கூப்பிடுது தம்பி, இதுக்கு நம்மள கண்டா ஆகாது, ஓடிரும்"னு சொன்னாரு. புள்ளிமானையும் கடமானையும் ஓட்டி ஓட்டிப் புடிக்கிற வேட்டைக்காரன், ஆனா மனுஷன தேடி வராது. உலகம் பூரா அழிஞ்சிட்டு வர்ற இனம் வேற. அத போயி வில்லனாக்கிட்டாங்களேன்னு எனக்கு நெஜமாவே வருத்தம்.

தாளவாடிக்காரன்:
அதே கேம்ல யானை மேல ஏறி உக்காந்து எதிரி கேம்ப்ப துவம்சம் பண்ணலாமுங்க, எனக்கு அது ரொம்ப புடிக்கும். நேர்லனா வேற கதை. எங்க மாமா கரும்பு லோடு ஓட்டுறவரு, காராப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் யானைங்க கரும்பு லாரிக்குன்னே ரோட்டுல வந்து நிக்கும். ஒரு நாள் ராத்திரி நானும் வண்டில இருந்தேன், ஒரு பொட்டை யானை குட்டியோட நின்னுச்சு, மாமா தள்ளியே நிறுத்தி ஹாரன் அடிக்காம உக்காந்துட்டாரு. அது காத அகலமா விரிச்சு தலைய தூக்கி பிளிறிட்டு நாலு எட்டு ஓடி வந்து டக்குனு நின்னு, கால்ல மண்ண எத்துச்சு. எனக்கு கை காலெல்லாம் ஓடல. "இது மெரட்டல் மாப்ள, போன்னு சொல்லுது. காத பின்னால ஒட்ட வெச்சு, தும்பிக்கைய சுருட்டிட்டு சத்தமில்லாம வந்தாத்தான் நெஜமா அடிக்க வருது"ன்னாரு மாமா. அதுக்காக யாரும் கிட்ட போயி டெஸ்ட் பண்ணி பாக்காதீங்க, எப்ப மாறும்னு சொல்ல முடியாது, மெரட்டுறதோட நிறுத்துச்சுன்னா நமக்கு ஒரு வாய்ப்பு குடுக்குதுன்னு அர்த்தம். கேம் மிருகம் அந்த வாய்ப்பே குடுக்கறதில்ல, பாத்த ஒடனே கடிதான்.

அந்தியூர்:
எல்லா கேமும் அப்படி இல்ல நண்பா. 2018ல வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ல கரடி பாஞ்சு வரும், நீங்க ஓடாம சுடாம நின்னா சில நேரம் கிட்ட வந்து நின்னு திரும்பி போயிரும். நெஜ கிரிஸ்லி கரடியும் இப்படி சும்மா பாயறது உண்டு. அதுல குதிரையும் அருமை, பாம்பு, சிறுத்தை எதாவது கிட்ட இருந்தா மெரண்டு நம்மள கீழ தள்ளிரும், கழுத்துல தட்டி சமாதானம் பண்ணனும். எங்க ஊரு ஆடி மாச குதிரை சந்தைல நான் சின்ன வயசுல இருந்து பாக்கறது இதுதான், காது முன்னால இருந்தா நம்மள கவனிக்குது, பின்னால படிஞ்சிருச்சுன்னா கடிக்கப் போகுது, பெரியவங்க விலை பேசறப்ப பல்லுக்கு அடுத்தபடியா காதத்தான் பாப்பாங்க.

பூனை வளக்கறவ:
நான் ஸ்ட்ரே வெளயாடுனேன், 2022ல வந்தது, நாமளே பூனையா போகணும், கத்தறதுக்குன்னே தனி பட்டன் இருக்கு. அத அமுக்குனா எங்க வீட்டு பூனை தூக்கத்துல இருந்து எந்திரிச்சு, ரெண்டு காதையும் திருப்பி, டிவிக்கு பின்னால போயி மோந்து மோந்து தேடுது. ஏமாத்தறமேன்னு பாவமா இருக்கு, இப்பல்லாம் ஹெட்ஃபோன் போட்டுத்தான் வெளயாடறேன்.