அடிலெய்டில் திராட்சை, ஒயின் ஆராய்ச்சி: உதவித்தொகையோடு படிக்க நினைப்பவர்களுக்கு

அக்ரி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி படித்துவிட்டு அடிலெய்டு வந்திருப்பவர்கள் வேலை தேடும்போதே இதையும் ஒரு கண் பார்த்து வையுங்கள். நகர மையத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில், உர்பிரேயில் வெய்ட் வளாகம் இருக்கிறது. அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் திராட்சை, ஒயின் ஆராய்ச்சி நடப்பது அங்கேதான். 1955-இல் தொடங்கிய ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனமும் அதே வளாகத்தில்தான். பரோசா, மெக்லாரன் வேல் திராட்சைத் தோட்டங்களுக்குக் காரில் ஒரு மணி நேரம் போதும்.

முதலில் ஒன்று. ஊரில் ஏஜென்ட்கள் காட்டும் ‘ஒயின் மாஸ்டர்ஸ்’ பெரும்பாலும் பாடவகுப்புப் படிப்பு. அதற்குக் கட்டணம் பெரும்பாலும் நம் பாக்கெட்டிலிருந்துதான். பணம் கொடுத்துப் படிக்க வைப்பது எம்.பில்., பிஎச்.டி. போன்ற ஆராய்ச்சிப் படிப்புக்கு. அதில் அடிப்படை, மத்திய அரசின் ஆர்.டி.பி. (ரிசர்ச் டிரெய்னிங் புரோகிராம்) உதவித்தொகை. 2025-இல் அதன் குறைந்தபட்சத் தொகை ஆண்டுக்கு 33,511 டாலர். முழுநேர மாணவருக்கு அதில் வரிப் பிடித்தம் இல்லை. ஒயின் ஆராய்ச்சிக்கு நிதி தரும் ஒயின் ஆஸ்திரேலியா அமைப்பும் மாணவர்களுக்குப் பணம் தருகிறது. ஆனால் விளம்பரத்தில் ‘சப்ளிமென்டரி’, ‘டாப்-அப்’ என்று இருந்தால் அது அடிப்படை உதவித்தொகைக்கு மேல் வரும் கூடுதல் தொகை மட்டும்தான். அதை நம்பி வாடகை வீடு பார்த்துவிடாதீர்கள்.

ஒயின் ஆஸ்திரேலியாவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பேராசிரியருக்கு மெயில் எழுதுவது சுலபம். திராட்சை விவசாயிகளும் ஒயின் ஆலைகளும் டன்னுக்கு இவ்வளவு என்று லெவி (கட்டாய வசூல்) கட்டுகிறார்கள். ஆராய்ச்சிக்குச் செலவாகும் பங்குக்கு ஈடாக அரசும் பணம் போடுகிறது. அதனால் விவசாயியின் தலைவலிக்கு மருந்து தேடும் தலைப்புதான் எடுபடும்: தண்ணீர்ப் பற்றாக்குறை, வெப்ப அலை, காட்டுத்தீப் புகை ஒயினில் ஏறுவது, தண்டு அழுகும் நோய். “எனக்கு ஒயின் சயின்ஸில் மிகுந்த ஆர்வம்” என்று தொடங்கும் மெயிலை யாரும் படிக்கப் போவதில்லை. அந்தப் பேராசிரியரின் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களால் எதைச் செய்ய முடியும் என்று நாலு வரி எழுதுங்கள். கைடு சம்மதித்த பிறகு விண்ணப்பம் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம், எப்போது சேர்வது? கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் இதைக் கவனிக்கவும். பன்னீர் திராட்சை மாதிரி வருஷம் முழுக்கக் காய்ப்பு இங்கே கிடையாது. குளிர்காலத்தில் கவாத்து, செப்டம்பர் வாக்கில் துளிர், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடை, அவ்வளவுதான். மூன்றரை வருஷ பிஎச்.டி.யில் கைக்குக் கிடைப்பது மூன்று விளைச்சல். மார்ச்சில் சேர்ந்தால் பாதுகாப்புப் பயிற்சி முடிவதற்குள் பழம் ஆலைக்குப் போயிருக்கும். தோட்டத்தில் வேலை இருக்கிற தலைப்பு என்றால் ஜூலையில் சேருவது உத்தமம்.

தோட்ட வேலை என்றால் வெயிலோடு வெயிலாக நிற்பது. வரிசையின் இரண்டு பக்கமும், குலையின் மேல், நடு, அடி என்று கலந்து நூறு பழம் பறித்து, பையிலேயே நசுக்கி, சாற்றில் ஒரு சொட்டு ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டு பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பார்க்க வேண்டும். வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் பறித்தால் கணக்கு ஏமாற்றிவிடும். விக்டோரியா தோட்டத்தில் போட்ட ஷூவோடு இங்கே கால் வைக்கவே வைக்காதீர்கள். வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி அங்கே சில பகுதிகளில் உண்டு, தெற்கு ஆஸ்திரேலியாவில் இல்லை. ஷூவை ப்ளீச் கரைசலில் முக்கி எடுப்பது சடங்கு அல்ல.

“சாராயம் காய்ச்சற படிப்பா?” என்று சித்தப்பா கேட்கத்தான் செய்வார். குடிக்காதவர்களும் தாராளமாக வரலாம். மண், பூச்சி, ஈஸ்ட் மரபணு, டேட்டா என்று வாயில் ஒரு சொட்டு படாத தலைப்புகள் நிறைய. சுவைப் பரிசோதனையில்கூட வாயில் வைத்துத் துப்புவதுதான் முறை.

விசா விஷயம்: பாடவகுப்பு மாணவர்களுக்குப் படிப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேர வேலை வரம்பு உண்டு. ஆராய்ச்சி மாணவர்களுக்குப் படிப்பு தொடங்கியபின் அது இல்லை. ஆனால் உதவித்தொகை விதிகளில் தனி வரம்பு இருக்கலாம், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இடம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். அறுவடை மாதங்களுக்கு மட்டும் ஒயின் ஆலைகள் லேப் ஆட்களை எடுக்கும். அக்டோபரிலேயே கேட்டு வையுங்கள். ஜனவரியில் கேட்டால் பெரும்பாலும் இடம் நிரம்பியிருக்கும்.