கடற்கரை கச்சேரில பாட்டு ரெட்டையா கேக்குது, என்ன பண்ண?

கேள்வி: அண்ணே, தொண்டி பக்கம் கடற்கரைல கச்சேரி, மேடைல ரெண்டு டாப் (குரலும் பாட்டும் வர்ற மேல் பாக்ஸ்) ரெண்டு சப் (பேஸ், அதாவது அடி சத்தம் வர்ற பாக்ஸ்), 35 மீட்டர் தள்ளி கூட்டத்துக்கு நடுவுல இன்னொரு ஜோடி பாக்ஸ் வச்சோம், அங்க நின்னா பாட்டு ரெட்டை ரெட்டையா வருது, வால்யூம் ஏத்தினா மைக் கூவுது.

பதில்: தம்பி, பின்னாடி பாக்ஸுக்கு டிலே (சத்தத்தை கொஞ்சம் தாமதமா விடுற செட்டிங்) போட்டீங்களா இல்லையா? ஒயர்ல சிக்னல் உடனே போயிரும், ஆனா 30 டிகிரி சூட்டுல சத்தம் செகண்டுக்கு சுமார் 349 மீட்டர்தான் ஓடும், அப்ப 35 மீட்டருக்கு 100 மில்லிசெகண்ட் வைங்க, கூட ஒரு 10 சேத்தா பாட்டு மேடைலருந்து வர்ற மாதிரியே இருக்கும். கைதட்டுற சத்தத்தை மைக்ல விட்டு நடுவுல நின்னு கேளுங்க, ஒத்தையா விழணும்.

பதில்: டிலே சரி, காத்தையும் பாருங்கப்பா. காத்துக்கு எதிரா போற சத்தம் மேல வளைஞ்சிரும், பின்னாடி ஆளுக்கு எட்டாது. சாயங்காலம் கடல்காத்துல டெஸ்ட் பண்ணிட்டு ராத்திரி காத்து திரும்பினா எல்லாம் மாறிரும், அதனால கச்சேரி நேரத்துல ஒருக்கா நடந்து பாருங்க.

பதில்: மைக் கூவுறதுக்கு டாப்பை மைக்குக்கு முன்னாடி, கூட்டத்துப் பக்கமா தள்ளி வைங்க. சப்பை ஒண்ணு ஓட்டிட்டு அப்புறம் ரெண்டையும் சேத்து ஓட்டுங்க, பேஸ் கொறஞ்சா ஒண்ணுல ஒயரு ப்ளஸ் மைனஸ் மாறிக் கெடக்கு. நம்மூரு உப்புக்காத்துல கனெக்டரு வேற பச்சை பூத்துரும், தொடைச்சிட்டு மாட்டுங்க.

கேட்டவர்: டிலேயே போடலண்ணே 😅 இன்னைக்கு ராத்திரி போட்டுப் பாத்துட்டு சொல்றேன்.