ஹெட்ரூம்: தலைவெளியா, மூச்சிருப்பா?

பொருள்: மறு: மறு: ஹெட்ரூமுக்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

ஹெட்ரூம் என்பதற்கு, அதாவது ஆம்ப் (ஒலியைப் பெருக்குகிற கருவி) சத்தம் கெடாமல் இன்னும் எவ்வளவு கூட்டித் தர முடியும் என்கிற மிச்சத்துக்கு, தமிழ்ச்சொல் தேடுகிற இந்த இழையைப் பத்து நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பரமக்குடி ஐயா "தலைவெளி" என்றார். தொண்டித் தம்பி "விளிம்பு மிச்சம்" என்றார். சென்னை அக்கா "மேல்வரம்பு இடைவெளி" என்று எழுதினார். நான் வாய் திறக்காததற்குக் காரணம் இதுதான்: ஹெட்ரூம் எதைக் குறிக்கிறது என்று எனக்குக் காகிதத்தில் தெரியுமே தவிர, காதால் தெரியாது. மண்டபம் ஊரில் இருபத்திரண்டு வருடமாக மைக் செட் வைத்திருக்கிறவன் இப்படிச் சொல்வது கொஞ்சம் வெட்கம்தான். போன ஞாயிற்றுக்கிழமை காதுக்கும் தெரிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

என் மச்சான் மகன் தங்கச்சிமடம் பக்கம் ஒரு மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறான். அவனுடைய சித்தப்பா வெளிநாட்டிலிருந்து வரும்போது நல்ல விலையில் ஒரு பேஸ் ஆம்ப் கொண்டுவந்திருந்தார். ஆம்ப் என்றால் தலை மட்டும், ஸ்பீக்கர் பெட்டி இல்லை. கம்பெனிப் பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். டி வகுப்பு (எடை குறைந்த புதிய வகை), 4 ஓம் சுமைக்கு, அதாவது 4 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்கு, 800 வாட். எடை மூன்று கிலோகூட வராது, சாப்பாட்டுக் கேரியர் மாதிரி கையில் தூக்கிக்கொண்டு வந்தான். 1969இல் ஆம்பெக் கம்பெனி எஸ்.வி.டி. என்று ஒரு பேஸ் ஆம்ப் போட்டது. 300 வாட்டுக்கு 14 வால்வு. அதை ஒரு ஆள் தூக்குவது பெரும்பாடு. இப்போது 800 வாட் பிளாஸ்டிக் பைக்குள் வருகிறது. பெட்டி என்னிடமே இருந்தது, 10 அங்குல ஸ்பீக்கர் நாலு போட்டது.

சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால், வடகடல் பக்கம், கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வல்லத்தின் நிழலில் பெட்டியை இறக்கினோம். பக்கத்தில் அவனுடைய பழைய ஆம்பும் இருந்தது. அது ஒரு கடையில் "1000 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டி என் தலையில் கட்டிய சரக்கு. கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தாலே உண்மையில் 100 வாட்டுக்கு மேல் தேறாது என்று தெரிந்துவிடும். முதலில் இரண்டையும் ஒரே சத்தத்துக்கு வைத்தேன். இருபது அடி தள்ளி நின்று கேட்டால் வித்தியாசமே இல்லை. பையன் முகம் வாடிவிட்டது. சித்தப்பா முகத்தைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் கீழ் ஈ தந்தியைக் கட்டைவிரலால் ஓங்கி அடித்தான்.

பழையது "டப்" என்றது. அடி விழுந்த சத்தம் மட்டும் வந்தது, பின்னாலேயே ஒரு கரகரப்பு. நம் பையன்கள் "பாக்ஸ் கிழியுது" என்பார்களே, அது. புதியதில் அதே அடிக்கு "தும்ம்ம்" என்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. வல்லத்துப் பலகையில் கை வைத்திருந்தேன், அதிர்வு விரலில் தெரிந்தது. கருவாட்டுக்காகக் காத்திருந்த காக்கை ரெண்டும் பறந்துவிட்டன. சக்திக்கு மேல் கேட்டால் எரிகிற, ஆம்பின் முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு மினுங்கக்கூட இல்லை. பையன் இன்னும் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, இதுக்கு இன்னும் மூச்சு இருக்கு."

நான் சொல்ல வந்த சொல் அங்கே கிடைத்ததுதான். ஆனால் ஏன் அது பொருந்துகிறது என்பதற்குக் கணக்கும் வேண்டும் அல்லவா?

பேஸ் கிதாரின் கீழ் ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு நம் காது மந்தம். சாதாரண கிதார் அளவுக்குக் கேட்க வேண்டுமென்றாலே பல மடங்கு திறன் வேண்டும். அதுவும் கடற்கரை. கல்யாண மண்டபத்துக்குள் சுவர் திருப்பித் தருகிற பேஸ் இங்கே திரும்பி வராது, எல்லாம் தண்ணீர் பக்கம் போய்விடும். சாதாரணமாக வாசிக்க 20 வாட் போகிறது என்று வையுங்கள். கட்டைவிரல் விழுகிற கணத்தில் அதைப்போல் பத்து மடங்கு, 200 வாட் கேட்கும். பத்து மடங்கு என்றால் 10 டெசிபெல். 100 வாட் ஆம்பிடம் அது இல்லை. இல்லாததைக் கேட்டால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டுப் போகிறது. 800 வாட் ஆம்பிடம் 200 கேட்டால் அது கொடுத்துவிட்டு, இன்னும் நாலு மடங்கு வரை ஏற இடம், அதாவது 6 டெசிபெல், கையில் வைத்திருக்கிறது. இந்த 6 டெசிபெல்தான் ஹெட்ரூம். அதாவது, கேட்கிற சத்தம் அல்ல, கேட்காமல் மிச்சமிருக்கிற சத்தம். ஒரே சத்தத்துக்கு வைத்தபோது வித்தியாசம் தெரியாமல் போனதும் அதனால்தான்.

இனி உங்கள் சொற்களுக்கு வருகிறேன்.

"தலைவெளி"யில் ஒரு நியாயம் இருக்கிறது. பாலத்துக்கு அடியில் தலை முட்டாமல் போகிற உயரத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். எங்கள் ஊர்க்காரனுக்குப் பாம்பனை விட்டு வேறு உதாரணம் தேவையில்லை. ரோட்டுப் பாலத்துக்கு அடியில் உயரம் மாறாது. ஆம்பும் அப்படித்தான். 4 ஓமில் 800 வாட் தர வேண்டுமானால் அலை மேலே 80 வோல்ட், கீழே 80 வோல்ட் போய்வர வேண்டும். பவர் சப்ளை தருகிற அழுத்தம்தான் கூரை, அதற்கு மேல் அலை ஏறாது. (எச் வகுப்பு ஆம்ப்களில் பெரிய அலை வரும்போது சப்ளையின் அழுத்தமே ஏறிக்கொடுக்கும். அது ரயில் பாலம். 1914 பாலம் கப்பலுக்கு இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. 2025இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது. சும்மா சொன்னேன், ஆசையாக இருந்தது.)

ஆனால் தொழிலில் இந்தச் சொல் ஓடாது, ஐயா. ஆம்பையே நாங்கள் "தலை" என்றுதான் சொல்கிறோம். "தலைக்குத் தலைவெளி பத்தல" என்று மேடைக்குக் கீழிருந்து நான் கத்தினால், பையன் திரைக்கு வெளியே தலையை நீட்டி "என்ன மாமா?" என்பான்.

"விளிம்பு மிச்சம்" எனக்கு மிகவும் பிடித்தது. சுமை ஏறிய படகில் தண்ணீருக்கும் விளிம்புக்கும் நடுவில் எத்தனை பலகை மிச்சம் என்று பார்க்கிற கண் நம் கரையில் எல்லாருக்கும் உண்டு. அந்த மிச்சம் குறைந்தால் சின்ன அலையும் உள்ளே வந்துவிடும். உவமை அச்சு அசல். குறை ஒன்றே: விளிம்பு என்பது பொறியியலில் வேறு பத்து வேலைக்குப் போய்விட்டது, இரண்டு சொல்லாகவும் நிற்கிறது. "மேல்வரம்பு இடைவெளி" சரியான விளக்கம். சொல் அல்ல. அக்கா கோபிக்கக் கூடாது.

என் பரிந்துரை: மூச்சிருப்பு.

பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, தம் கட்டி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற வேலை. பாறையைப் பிடித்தபடி பறிக்கும்போது மூச்சு தீர்கிற வரைக்கும் கீழே இருக்க மாட்டார்கள். மேலே வருவதற்கு எவ்வளவு வேண்டுமோ அது கையிருப்பில் இருக்கும்போதே பாறையை விட்டுவிடுவார்கள். அந்தக் கையிருப்புதான் நான் சொல்வது. கையிருப்பு, நீரிருப்பு, நெல்லிருப்பு எல்லாம் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிற அமைப்பு, புதிதாக யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். "இந்த ஆம்புக்கு மூச்சிருப்பு 6 டெசிபெல்", "மூச்சிருப்பு போதாது", "மழையில் கூட்டம் குறைவு, மூச்சிருப்பு தாராளம்" எல்லாமே தடங்கல் இல்லாமல் வருகிறது. தீர்ந்துபோனால் மூச்சு முட்டுகிறது. அதற்கும் சொல் தேடி அலைய வேண்டியதில்லை.

கிளிப்பிங் என்பதற்கு மட்டும் தனிச்சொல் வேண்டும். அலையின் உச்சி வெட்டுப்படுவதால் "முகடுவெட்டு". சிவப்பு விளக்கு முகடுவெட்டு விளக்கு.

பேஸ் ஆம்புக்கே தமிழ் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். இப்போதைக்கு அந்த வம்பு வேண்டாம். ஒலிபெருக்கி என்றால் ஊரில் குழாய் ஸ்பீக்கரைக் காட்டுவார்கள். மிகைப்பி என்று சிலர் எழுதுகிறார்கள். எதிர்க்கரையில் இலங்கைப் பாடநூலில் விரியலாக்கி. பேஸ் என்பதற்குப் பழந்தமிழ் இசையில் தாழ்ந்த தானத்துக்கு (ஸ்தாயிக்கு) மெலிவு என்று பெயர் இருக்கிறது, சமன், வலிவு என்கிற வரிசையில். 800 வாட்டை நெஞ்சில் வாங்கிவிட்டு அதை "மெலிவுக் கிதார்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
மண்டபம் மைக் செட்

— — —

மைக் செட் அண்ணனுக்கு,

பிரமாதம். ஆனால் மேடையில் எல்லாரும் "இந்த ஆம்புல தம் இல்ல" என்றுதானே சொல்கிறோம்? இருக்கிற சொல்லையே வைத்துக்கொண்டால் என்ன? நீங்களே "தம் கட்டி" என்று எழுதியிருக்கிறீர்கள்.

தொண்டி

— — —

அன்பரே,

தம்பியின் தம்முக்கு என் ஓட்டு இல்லை. பாரசீகத்திலிருந்து வந்தது என்பதற்காக அல்ல. பிரியாணிக்கும் தம், பீடிக்கும் தம், தைரியத்துக்கும் தம். கலைச்சொல்லுக்கு ஒரே வேலை இருக்க வேண்டும்.

மூச்சிருப்பில் எனக்கு ஒரு தடை. மூச்சு நேரத்தோடு தீர்கிற பொருள். ஹெட்ரூம் தீர்கிற பொருள் அல்ல, உயரம். ஒலிப்பதிவில் சராசரியை உச்ச அளவுக்கு 18 டெசிபெல் கீழே வைத்துப் பதிகிறோம். அந்த 18 டெசிபெல் நாள் முழுக்கப் பதிந்தாலும் 18 டெசிபெல்தான். அங்கே யாருக்கும் மூச்சு வாங்காது. உவமை அழகாக இருக்கிறது என்பதற்காகப் பொருளை விட்டுவிடக் கூடாது.

பரமக்குடி

— — —

ஐயா,

நீங்கள் சொன்னது சரி. இரண்டு நாள் யோசித்தேன், சுற்றிவளைத்துத் தப்பிக்க வழி இல்லை.

ஆனால் யோசித்ததில் ஒன்று தட்டுப்பட்டது. ஆம்பில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, நீங்கள் சொல்கிற மாறாத உயரம். மற்றது, சப்ளையில் இருக்கிற கெப்பாசிட்டர்களில் தேங்கியதை வைத்து, எழுதியிருக்கிற வாட்டுக்கு மேலே ஒரு கணம் கொடுப்பது. டைனமிக் ஹெட்ரூம் என்கிறார்கள். வீட்டு ஆம்ப்களுக்கு அதை அளக்கிற பழைய முறையில் 20 மில்லிநொடி நீளத்துக்கு ஒலியை விட்டுப் பார்ப்பார்கள். கீழ் ஈ தந்தியின் ஒரு முழு அலைக்கே 24 மில்லிநொடி ஆகிறது! அந்த 20 மில்லிநொடியை நம்பி பேஸ் வாசித்தால் முதல் அலை முடிவதற்குள் கெப்பாசிட்டர் காய்ந்துவிடும். பழைய ஆம்ப் "டப்" என்றதும் பாதி இதனால்தான் என்று நினைக்கிறேன். நான் அன்றைக்குச் சொன்ன விளக்கத்தில் இது விட்டுப்போனது. இது நேரத்தோடு தீர்கிறது. இதற்கு மூச்சிருப்பு என்பதை நீங்கள் மறுக்க முடியாது.

ஆகவே மாறாத உயரத்துக்கு உங்கள் தலைவெளியே இருக்கட்டும். ஒலிப்பதிவு அறையில் தலையை நீட்ட ஆள் இல்லை. தீர்கிற கையிருப்புக்கு மூச்சிருப்பு. மேடைக்காரர்கள் நாங்கள் இரண்டுக்கும் மூச்சிருப்பு என்றே சொல்லித் தொலைப்போம், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

முகடுவெட்டை யாரும் மறுக்கவில்லை. ஸ்டிக்கரில் எழுதிச் சிவப்பு விளக்குக்கு மேல் ஒட்டிவிட்டேன். நேற்று ஒத்திகையில் பையன் அதற்குள் பாதியை வெட்டிவிட்டான்: "மாமா, முகடு அடிக்குது, கெயினைக் குறைங்க."

மண்டபம் மைக் செட்