புதுப்பிப்பு: மகளோடு ஊர் சுற்றிய நாள்

வெளிநாட்டு நகரத்தில் இரண்டு வயது மகளோடு நான் மட்டும் ஒரு நாள் வெளியே சுற்ற முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். நல்லபடியாகப் போய் வந்தோம். "ஒரே இடம் போதும்" என்று சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி. அருங்காட்சியகத்தை விட்டுவிட்டுப் பூங்காவுக்கு மட்டும் போனோம். புறாக்கள் பின்னாலேயே ஓடினாள். நீரூற்றுப் பக்கம் குந்தி உட்கார்ந்து, ஈரக் கல்லை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கிளப்ப எனக்கு மனசே வரவில்லை.

இந்த வயதுக் குழந்தையைத் தள்ளுவண்டியில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அதனால் அடிக்கடி இறக்கி நடக்கவிட்டேன். மதியத் தூக்கம் மட்டும் வண்டியில்.

லிஃப்ட் உள்ள ரயில் நிலையங்களை முந்தைய நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வண்டியோடு படியேறுவது ஒற்றை ஆளுக்குப் பெரும்பாடு. அருங்காட்சியகம் அடுத்த வாரம், காலையில் திறந்ததுமே.