மாமா கொண்டு வந்த பெல்ஜியம் பாட்டில்: கடைசி மடக்கில்தான் தெரிந்தது

காசிமேட்டுக்காரன்

ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஆண்ட்வெர்ப்பில் கப்பல் நின்றபோது ஒரு பாட்டில் வாங்கி, ஜீன்ஸ் பேண்ட்டில் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து வீடு வரைக்கும் கொண்டு வந்துவிட்டார். 750 மில்லி. கார்க் அடைத்து மேலே கம்பி கட்டியிருந்தது. லேபிளில் செர்ரிப் பழம், ஓரத்தில் ஆல்கஹால் 8 சதவீதம். அதோடு தண்டு வைத்த அகலக் கண்ணாடிக் கோப்பை ஒன்று. அந்த பீருக்கென்றே செய்ததாம்.

நம் ஊரில் பீர் என்றால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம். கோப்பையை அக்கா ஷோகேஸில் வைத்துவிட்டாள். ராத்திரி மொட்டைமாடியில் வறுத்த நெத்திலியோடு உட்கார்ந்து, ஆறு பேருக்கு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினோம். பல் கூசியது, நாக்கு மரத்துப்போனது. இருமல் சிரப்தான் ஞாபகம் வந்தது. “என்ன மாமா, மருந்து மாதிரி இருக்கு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. கார்க்கிலிருந்து பிரித்த கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே, “அங்க குடிச்சப்ப இப்படி இல்லடா” என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் எல்லோரும் இறங்கிப் போனார்கள். டம்ளர்களைக் கழுவப் போடலாம் என்று ஏறினேன். கைப்பிடிச் சுவர் மேல் என் டம்ளரில் ஒரு மடக்கு மிச்சம் இருந்தது. வெளியே வியர்த்திருந்த ஈரமெல்லாம் காய்ந்திருந்தது. கொட்டப் போனவன் வாசனை பட்டு நின்றுவிட்டேன். பழுத்து வெடித்த பழம், அதற்குள் கிராம்பு, எல்லாவற்றுக்கும் அடியில் பாதாம் பருப்பைக் கடித்தால் வருமே, அந்த மெல்லிய கசப்பு. வாயில் வைத்தேன். இனிப்பு மெதுவாக வந்து, புளிப்பு தொட்டுவிட்டுப் போய், தொண்டைக்குக் கீழே சூடு இறங்கியது. முதலில் குடித்ததும் இதுவும் ஒரே பாட்டில் என்று நம்பவே முடியவில்லை.

துறைமுகத்தில் யாரோ படகு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே மாமா தூங்கிவிட்டார். எழுப்பிச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கப்பலுக்குப் போய்விட்டார். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

வியாசர்பாடி ஷிப்ட்

பழம் போட்டால் அது பீர் இல்லை. பட்டறையில் அடுப்புப் பக்கம் எட்டு மணி நேரம் நின்றவனுக்கு பீர் என்றால் சில்லென்று, கசப்பாக, தாகம் அடங்குகிற மாதிரி இருக்க வேண்டும். பெங்களூருவில் தம்பி ஒருவன் முதல் சம்பளத்தில் பெல்ஜியம் மாதிரி காய்ச்சியது என்று ஒரு செர்ரி பீர் வாங்கிக் கொடுத்தான். ஆசையாகத்தான் வாங்கிக் கொடுத்தான். பேக்கரி பன்னில் வைக்கிற செர்ரியின் ருசி வரும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. பாதிக் கோப்பையை அவன் பாத்ரூம் போன நேரத்தில் பூந்தொட்டியில் ஊற்றினேன். திரும்பி வந்தவன், “நல்லா இருந்துச்சா அண்ணே?” என்று கேட்டான். அது உறுத்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1516லேயே ஜெர்மனியில் சட்டம் போட்டிருக்கிறார்கள்: பார்லி, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, தண்ணீர், அவ்வளவுதான்.

பெரம்பூர் அம்மா

எனக்கு 56 வயது. மகள் பெல்ஜியத்தில் லூவன் என்ற ஊரில் படித்தாள். போய் மூன்று வாரம் அவளோடு இருந்தேன். அங்கே ஊடே மார்க்ட் என்று ஒரு சதுக்கம், சுற்றிலும் மதுக்கடைகள்தான். வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். எனக்கு ஆப்பிள் ஜூஸ் சொல்லிவிட்டு, தனக்குக் கருஞ்சிவப்பாக ஒன்று வாங்கினாள். கஸ்டீல் ரூஜ் என்று பேர். கருநிற பீரில் செர்ரி மது கலந்து செய்வதாம். “ஒரு வாய் கொடு” என்று நானே கேட்டேன்.

பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஊறவைத்த திராட்சை ஒயினைச் சின்னக் கிளாஸில் தருவார். அதே ஊறிய பழ வாசனை, முப்பது வருடம் கழித்து. இனிப்பாக இருக்கிறதே என்று இன்னொரு வாய், அப்புறம் இன்னொன்று. “அம்மா, மெதுவா. ஜூஸ் இல்ல, 8 சதவீதம்” என்று கோப்பையின் தண்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சின்ன வயதில் அவள் கைக்கு எட்டாமல் ஊறுகாய் ஜாடியை நான் இழுப்பேன். அதே இழுப்பு.

எங்கள் வீட்டில் குடி என்றால் சம்பள நாளில் அப்பா வந்து விழுவதுதான் எனக்குத் தெரியும். என் பெண் ஒரே கோப்பையை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு, பேசுவதும் ஒரு வாய் குடிப்பதுமாக இருந்தாள். அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டே இருந்தது அதைத்தான். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

கொருக்குப்பேட்டை மேம்பாலம்

வியாசர்பாடி நண்பருக்கு: 1516 சட்டம் ஜெர்மனியின் பவேரியா பகுதிக்கு. பெல்ஜியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அங்கே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக்கூடக் கோதுமை பீர் காய்ச்சுகிறார்கள். பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அதையெல்லாம் பீர் இல்லை என்று நாம் எப்படிச் சொல்வது? இன்னொன்று, நம் பேக்கரி பன்னில் இருக்கும் சிவப்புச் செர்ரி பெரும்பாலும் களாக்காய். சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது. நீங்கள் அந்தக் கோப்பையில் தேடியது களாக்காயை. அதனால்தான் கிடைக்கவில்லை.

நான் ஆபீஸ் வேலையாக பிரஸ்ஸல்ஸ் போனபோது ஆண்டர்லெக்ட் பகுதியில் கான்டியான் என்ற பழைய மதுவடிப்புக்கூடத்தைப் பார்த்தேன். 1900இல் தொடங்கியது. கூரைக்கு அடியில் அகலமாக, ஆழமில்லாமல் ஒரு செம்புத் தொட்டி. கொதித்த பார்லி, கோதுமைச் சாற்றைக் குளிர்கால ராத்திரியில் அதில் திறந்தே விட்டுவிடுவார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. காற்றில் இருக்கும் நுண்ணுயிர்களும் கட்டடத்தில் குடியிருப்பவையும் வந்து இறங்கிப் புளிக்கவைக்கும். அந்தத் தொட்டி முன்னால் நின்றபோது அம்மா ராத்திரியில் மூடி வைக்கிற இட்லி மாவுக் குண்டான்தான் கண்ணில் நின்றது. அம்மாவும் மாவில் ஈஸ்ட் போட்டதில்லை. மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்த அந்த பீரில் செர்ரியைக் கொட்டையோடு ஊறவைத்தால் அதற்குப் பேர் க்ரீக். ஒரு வாய் குடித்தேன், புளிப்பு காதுக்குப் பின்னால் சுருக்கென்றது. அந்த இடத்திலேயே அம்மாவுக்கு போன் செய்தேன். மாவு பொங்கிய வாசனை வருகிறது என்றால் அவர் நம்பவில்லை.

காசிமேட்டு நண்பரே, நீங்கள் குடித்தது க்ரீக் இல்லை என்று நினைக்கிறேன். அது பெரும்பாலும் 5, 6 சதவீதத்தில் நின்றுவிடும், இனிப்பும் குறைவு. உங்களுடையது ஸ்ட்ராங் ஏல் என்கிற, ஆல்கஹால் கூடுதலான பீர் வகை. கிராம்பு வாசனையை அங்கே ஈஸ்ட்டே கொண்டு வரும், கிராம்பு போட வேண்டியதில்லை. பாதாம் கசப்பு செர்ரிக் கொட்டையிலிருந்து வருவது.

பாரிமுனை பார் கவுண்டர்

ஹோட்டல் பாரில் பன்னிரண்டு வருடம் ஊற்றிக் கொடுத்தவன். ஒரு பெரியவர் இப்படிப்பட்ட பாட்டிலை வாங்கி ஐஸ் கேட்டார். நானும் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கியது இன்னும் நினைவிருக்கிறது. என் கதை அவ்வளவுதான்.

இனிமேல் யார் வீட்டுக்கு இப்படி ஒரு பாட்டில் வந்தாலும் இதைச் செய்யுங்கள். பாட்டிலைப் படுக்க வைக்காதீர்கள், நிற்க வையுங்கள். வெளிச்சம் படவே கூடாது, வெயில் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாறும். ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். இதில் பல வகை பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை புளிக்கும். உள்ளே அழுத்தம் அதிகம், கார்க்கும் கம்பியும் அதற்காகத்தான். உறைந்தால் பாட்டிலே வெடிக்கலாம். சாதாரண ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்து, குடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். சென்னை வெக்கைக்கு அது போதும். 10, 12 டிகிரிக்கு வந்தால்தான் வாசனை எழும். எவர்சில்வரில் ஊற்றினால் நிறமும் தெரியாது, நுரையும் தெரியாது. அகலக் கோப்பையைச் சாய்த்து மெதுவாக ஊற்றி, அடியில் ஒரு விரல் வண்டலை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். காரம் வேண்டாம். மது மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். எங்கள் செகண்ட் லைன் பீச் அத்தோவை, அதாவது பர்மா நூடுல்ஸை, இதோடு சாப்பிட்டுப் பார்த்தேன். பூண்டும் மிளகாயும் சேர்ந்து பழத்தை அடித்துவிட்டன. உப்பும் மஞ்சளும் மட்டும் தடவிய வஞ்சிரம் நன்றாக நிற்கிறது. ஒரு பாட்டிலை மூன்று பேர் பகிர்ந்தால் போதும். குடித்துவிட்டு வண்டி எடுக்காதீர்கள்.

எண்ணூர் பழையவர்

வண்டலை விடச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. மருமகன் பெங்களூருவில் ஊற்றிக் கொடுத்தார், திராட்சை சேர்த்த பெல்ஜியம் வகை, 9 சதவீதம் என்றார். மேலே தெளிவாக இருந்தது, எனக்குப் பெரிதாகப் படவில்லை. பாட்டிலைச் சுழற்றி அடியில் இருந்ததையும் ஊற்றச் சொன்னேன். கலங்கி, மங்கலாக இறங்கியது. 1987இல் கள்ளுக்குத் தடை வருவதற்கு முன்னால் அப்பா பனையிலிருந்து இறக்குவார். காலையில் இனிக்கும், பொழுது சாயும்போது புளித்துக் கடுக்கும். கலயத்தின் அடிக்கலங்கலை அவர் யாருக்கும் கொடுக்க மாட்டார். கள்ளில் யாரும் ஐஸ் போட்டதில்லை. அந்தக் கலங்கலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். மருமகன் உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிட்டார்.

காசிமேட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் ஷோகேஸைத் திறந்து கோப்பையை எடுத்துக் கழுவி, சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

நேற்று ராத்திரி மாமாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். மருந்து என்று சொன்னது தப்பு என்றும், மாடியில் மிச்சமிருந்ததை நான் மட்டும் குடித்தேன் என்றும் சொன்னேன். கப்பல் கடலில் இருந்தது, ராத்திரி மெசேஜ் போய்ச் சேரவில்லை. காலையில்தான் பதில் வந்திருந்தது.

“கடைசியில அந்தக் கொட்டை வாசனை வந்துச்சாடா?”