டைம் சிங்க்: ‘நேர ஒத்திசைவு’ன்னு ஒரே சொல் போதுமா?

வணக்கம் நண்பர்களே,

கம்ப்யூட்டர் கடிகாரங்களை எல்லாம் ஒரே சரியான நேரத்துக்குக் கொண்டு வர்ற டைம் சிங்க்ரனைசேஷனுக்கு நம்ம கலைச்சொல் பட்டியல்ல ‘நேர ஒத்திசைவு’ன்னு வெச்சிருக்கோம், அதை மாத்தணும்னு நான் வரல. ஃபோன்லயே ‘ஒத்திசை’ன்னு வந்து எல்லாருக்கும் பழகிப்போச்சு, வேர் பிடிச்ச சொல்லைப் பிடுங்கி எறிஞ்சுட்டு புதுசு நடுறது வீண் வேலை. ‘நேர ஒருங்கிணைப்பு’ன்னு ஒரு யோசனை வந்திருக்கு, அது வேண்டாம்னுதான் சொல்வேன், ஏன்னா உலகம் முழுக்கப் பொதுவா வெச்சிருக்கிற யூடிசி நேரத்தை ஒருங்கிணைந்த உலக நேரம்னு சொல்லிட்டு இருக்கோம், ரெண்டும் முட்டிக்கும். என் கவலை வேற. அந்த ஒரே சொல்லுக்குள்ள நாலஞ்சு தனித்தனி வேலை ஒளிஞ்சு கிடக்கு, அதுக்கெல்லாம் நம்மகிட்ட பேரே இல்ல, பேரில்லாததால சர்வர் பாத்துக்கிற பசங்க தப்பு பண்றாங்க.

எங்க இடத்துலயே நடந்ததைச் சொல்றேன். ஒரு டேட்டாபேஸ் சர்வர், விஎம்ல ஓடுது, அதாவது ஒரு நிஜ மெஷினுக்குள்ள மென்பொருளா ஓடுற மெஷின்ல. அதைத் தாங்குற நிஜ மெஷின், அதாவது ஹோஸ்ட், அதோட கடிகாரம் 7 நிமிஷம் முந்தி ஓடிட்டு இருந்திருக்கு, யாரும் கவனிக்கல. ராத்திரி ரீபூட் ஆனப்போ விஎம் அந்த நேரத்தையே எடுத்துக்கிச்சு. காலைல அந்த சர்வருக்குள்ள யாராலயும் லாகின் பண்ண முடியல, ஏன்னா லாகினைச் சரிபாக்கிற கெர்பரோஸ் முறைல ரெண்டு பக்கத்துக் கடிகாரமும் 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசப்பட்டா அனுமதிச் சீட்டான டிக்கெட்டை ஏத்துக்காது, அதான் டீஃபால்ட். நாங்க தமிழ்ல எழுதி வெச்சிருந்த வழிகாட்டியை புதுசா சேந்த தம்பி எடுத்துப் பாத்திருக்கான், அதுல ‘நேரத்தை ஒத்திசைக்கவும்’னு ஒரே வரி. எழுதினது நான்தான். அவனும் ஒத்திசைச்சான். கடிகாரம் ஒரே அடியா 7 நிமிஷம் பின்னாடி போச்சு, டேட்டாபேஸ் அப்ப ஓடிட்டே இருக்கு. 9.47ன்னு ஒரு பதிவு, அதுக்கு அடுத்ததா 9.41ன்னு ஒரு பதிவு. நேரத்தை வெச்சு வரிசைப்படுத்துற அத்தனை ரிப்போர்ட்டும் தலைகீழா நின்னுச்சு, எது முதல்ல நடந்ததுன்னு கண்டுபிடிச்சு ஒழுங்கு பண்ண ரெண்டு நாள் ஆச்சு.

தம்பி மேல தப்பு கிடையாது, வரிலதான் தப்பு. கடிகாரத்தைத் திருத்த ரெண்டு வழி இருக்கு, ரெண்டுக்கும் நாங்க ஒரே வினைச்சொல்லைப் போட்டு வெச்சிருந்தோம். ஒண்ணு ஸ்டெப், முள்ளைப் பிடிச்சு டக்குனு சரியான இடத்துல வெக்கிறது. இன்னொண்ணு ஸ்லூ, கடிகாரத்தோட வேகத்தைத் துளி கூட்டியோ குறைச்சோ மெதுவா கொண்டு போய் சேர்க்கிறது, இதுல நேரம் ஒரு தடவைகூட பின்னாடி போகாது. நெட்வொர்க் வழியா நேரம் கேக்கிற முறைக்கு என்டிபின்னு பேரு, அதை நடத்துற என்டிபிடி நிரல், வித்தியாசம் 128 மில்லிசெகண்டுக்கு உள்ள இருந்தா ஸ்லூ பண்ணும், அதுக்கு மேல போயி அப்படியே நீடிச்சா ஸ்டெப், 1000 செகண்டையும் தாண்டிட்டா நான் தொடமாட்டேன்னு நின்னுடும்.

இதுக்கு என் முன்மொழிவு: ஸ்டெப் = தாவல், ஸ்லூ = ஊர்தல். வினையா எழுதும்போது ‘நேரத்தைத் தாவ வை’, ‘நேரத்தை ஊர விடு’. ஸ்டெப்புன்னதும் ‘படி’ன்னு போடத்தான் கை போகும், ஆனா படி வேற இடத்துக்கு வேணும், கீழ சொல்றேன். ‘உடனடித் திருத்தம் / படிப்படியான திருத்தம்’னும் எழுதலாம்தான், பாடப்புத்தகத்துக்கு அது சரி, ராத்திரி ரெண்டு மணிக்கு டெர்மினல் முன்னாடி உக்காந்திருக்கிறவனுக்கு சொல் குட்டியா இருக்கணும்.

அதுக்காக ‘ஊர விட்டா பத்திரம்’னு முடிச்சுக்கவும் முடியாது. என்டிபிடி அதிகபட்சம் 500 பிபிஎம் (பத்து லட்சத்துல 500 பங்கு) வேகத்துலதான் ஊரும், அதாவது 1 செகண்டைச் சரி பண்ண 2000 செகண்ட், அரை மணி நேரத்துக்கும் மேல. எங்க 7 நிமிஷத்தை அந்தக் கணக்குல ஊர விட்டிருந்தா கிட்டத்தட்ட 10 நாள் ஆகியிருக்கும், வித்தியாசம் 5 நிமிஷத்துக்குக் கீழ இறங்குற வரைக்கும், கிட்டத்தட்ட முதல் 3 நாள், லாகினே நடந்திருக்காது. குரோனிங்கிற இன்னொரு நேர நிரல் இதைவிட ரொம்ப வேகமா ஊரும், அது வேற கதை. அன்னைக்கு செஞ்சிருக்க வேண்டியது டேட்டாபேஸை நிறுத்து, நேரத்தைத் தாவ வை, சரி பாரு, டேட்டாபேஸைத் திரும்ப எழுப்பு. இப்ப எங்க வழிகாட்டில அந்த நாலு வரிதான் இருக்கு, ‘ஒத்திசைக்கவும்’ங்கிற வரியை எடுத்தாச்சு.

அடுத்து ஸ்ட்ராட்டம், அதாவது ஒரு கடிகாரம் மூல நேரத்துல இருந்து எத்தனை கை தள்ளி இருக்குங்கிற எண். ‘அடுக்கு’ன்னு பல இடத்துல போட்டிருக்காங்க, ஆனா நெட்வொர்க்ல லேயருக்கு ஏற்கனவே அடுக்குதான், ஒரே பக்கத்துல ‘மூன்றாம் அடுக்கு’ன்னு வந்தா எதைன்னு எடுத்துக்கறது? அதனால ஸ்ட்ராட்டத்துக்கு ‘படி’. அணுக்கடிகாரம், ஜிபிஎஸ் ரிசீவர் இதெல்லாம் 0ஆம் படி, அதுல நேரடியா மாட்டியிருக்கிற வழங்கி, அதாவது சர்வர், 1ஆம் படி, அதுகிட்ட கேக்கறது 2, இப்படி 15 வரைக்கும் இறங்கும். 16ன்னு காட்டினா அந்தக் கடிகாரம் யாரையும் பிடிச்சுக்கல, தன்பாட்டுக்கு ஓடுதுன்னு அர்த்தம், அதை ‘படியற்றது’ன்னு சொல்லலாம்.

இந்தப் படி விஷயம் ஆள்களத்துக்குள்ள, அதாவது ஒரே நிர்வாகத்துக்குக் கீழ சேர்த்து வெச்ச மெஷின் கூட்டமான டொமைனுக்குள்ள, ரொம்ப முக்கியம். ஒத்திசைவுன்னு கேட்டதும் எல்லா சர்வரும் வட்டமா உக்காந்து பேசி ஒரு நேரத்துக்கு வர்ற மாதிரி ஒரு நினைப்பு வருது, நிஜத்துல அப்படி இல்ல, மேல இருந்து கீழ இறங்குற சங்கிலி அது. விண்டோஸ் ஆள்களத்துல சாதாரண மெஷின் அந்தக் கூட்டத்தை நிர்வகிக்கிற டொமைன் கன்ட்ரோலர்கிட்ட கேக்கும், கன்ட்ரோலர்கள் தங்களுக்குள்ள தலைமையா இருக்கிற பிடிசி எமுலேட்டர்கிட்ட கேக்கும், ஆள்களங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த ஃபாரஸ்ட்டுக்கும் வேர்ல இருக்கிற அந்த ஒரு பிடிசி எமுலேட்டர் மட்டும்தான் வெளியுலக நேரத்தைக் கேக்கணும். ஆக வெளிய இருக்கிற என்டிபி வழங்கிகளோட பேரைக் குடுக்க வேண்டியது அந்த ஒரே இடத்துல, ஃபயர்வால்ல என்டிபி போற யூடிபி 123 போர்ட்டைத் திறக்க வேண்டியதும் அதுக்குத்தான். நல்லது பண்றதா நினைச்சு ஒவ்வொரு சர்வர்லயும் தனித்தனியா வெளி முகவரியைப் போட்டு வெக்கிறவங்களை நிறைய பாத்துட்டேன், நாலு மெஷின் ஒரு பக்கம், நாலு மெஷின் இன்னொரு பக்கம்னு போயிடும். அதே மாதிரி அந்தத் தலைமை மெஷின் விஎம்மா இருந்தா, ஹோஸ்ட்ல இருந்து நேரம் வாங்குற வசதியை அணைச்சே ஆகணும், இல்லன்னா ஹோஸ்ட் கடிகாரம் பிசகினா மொத்த ஆள்களமும் சேர்ந்து பிசகும். விண்டோஸோட டபிள்யூ32டிஎம் கட்டளைல சோர்ஸ், அதாவது நேரம் எங்க இருந்து வருதுன்னு கேட்டுப் பாருங்க, சாதாரண மெஷின்ல கன்ட்ரோலர் பேரு வந்தா நல்லது, ‘லோக்கல் சிமாஸ் கிளாக்’னு மெஷினோட சொந்தக் கடிகாரமே வந்தா சங்கிலி எங்கயோ அறுந்திருக்கு. அதனால அந்தத் தலைமை மெஷினுக்கு ‘தலைமை நேர வழங்கி’ன்னு பேரு வெச்சா, பேரே யாரு யாரைக் கேக்கணும்னு சொல்லிடும்.

ஆஃப்செட், டிரிஃப்ட் ரெண்டையும் ‘நேர வேறுபாடு’ன்னே எழுதறாங்க, இதையும் பிரிக்கணும். ஆஃப்செட்டை ஒரு கணக்குல பாத்துருவோம். என் கடிகாரத்துல 0 மில்லிசெகண்ட்ல கேள்வி கிளம்புது, வழங்கி தன் கடிகாரப்படி 150ல வாங்குது, 160ல பதில் அனுப்புது, என் கடிகாரத்துல 110ல வந்து சேருது. போகும்போது தெரியுற வித்தியாசம் 150, வரும்போது 160ல 110 போக 50, ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா 100. நான் 100 மில்லிசெகண்ட் பிந்தி இருக்கேன். போக எவ்வளவு நேரமோ வரவும் அவ்வளவே ஆகும்ங்கிற நம்பிக்கைலதான் இந்தக் கணக்கே நிக்குது, பாதை ஒரு பக்கம் நெரிசலா இருந்தா விடையும் சாயும். இது இந்த நொடில இருக்கிற இடைவெளி, இதுக்கு ‘விலகல்’. டிரிஃப்ட்ங்கிறது அந்த இடைவெளி எவ்வளவு வேகமா பெருகுதுங்கிறது, கடிகாரத்தை ஓட்டுற கிரிஸ்டலோட சூட்டுக்கும் வயசுக்கும் ஏத்த மாதிரி மாறும், 50 பிபிஎம் தப்பா ஓடுற கடிகாரம் ஒரு நாளைக்கு 4.3 செகண்ட் தள்ளிப் போயிடும். இதுக்கு ‘ஓட்டப் பிசகு’. கூட்டல் கழித்தல் குறிக்கு நம்ம பேச்சுலயே முந்துது, பிந்துதுன்னு அருமையான வினை ரெண்டு இருக்கு, ‘நேர்மறை விலகல்’னு எழுதறதை விட ‘30 மில்லிசெகண்ட் பிந்தல்’னு எழுதினா யாருக்கும் குழப்பம் வராது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜோடி கடைசில வருது. என்டிபியை உருவாக்குன டேவிட் மில்ஸ் நம்பக்கூடிய கடிகாரத்தை ட்ரூசைமர்னும், தப்பு நேரம் சொல்றதை ஃபால்ஸ்டிக்கர்னும் பேரு வெச்சார். ரெண்டே வழங்கி வெச்சிருந்து ரெண்டும் வேற வேற நேரம் சொன்னா எது பொய்னு கண்டுபிடிக்க வழியில்ல, மூணு இருந்தா பெரும்பான்மை கிடைக்கும், நாலு இருந்தா ஒண்ணு படுத்தாலும் மீதி மூணு தாங்கும். அதான் நாலு குடுங்கன்னு சொல்றது. இதுக்குச் சொல் தேடினப்போ முல்லைப்பாட்டு ஞாபகம் வந்துச்சு, பாசறைல நீர்க்கடிகாரம் பாத்து அரசனுக்கு நேரம் சொல்றவங்களை ‘பொழுது அளந்து அறியும் பொய்யா மாக்கள்’னு அந்தப் பாட்டு சொல்லுது. பொய்யா மாக்கள்! நேர வழங்கிகிட்ட நாம எதிர்பாக்கிறதும் அந்த ஒண்ணுதானே. படிச்சதும் ‘பொய்யாக் கடிகை’ன்னே வெச்சுடலாம்னு ஆசை வந்துச்சு, எழுதியும் பாத்தேன், ஆனா பக்கத்துல ‘பொய்க் கடிகை’ வந்தா லாக்ல அவசரமா ஓட்டிப் பாக்கிறவன் ஒரு எழுத்துல ஏமாந்துருவான், அர்த்தம் நேர் எதிரா ஆயிடும். அதனால மெய்க்கடிகை, பொய்க்கடிகை. மனசில்லாம விட்டேன், ஆனா விட்டது சரிதான்.

ஜிட்டருக்கு மட்டும் ‘நடுக்கம்’ தவிர ஒண்ணும் தோணல. விலகல் ஒவ்வொரு அளவைக்கும் மேலயும் கீழயும் ஆடுற ஆட்டம்தான் அது, நடுக்கம்னா காய்ச்சல்காரன் மாதிரி கேக்குது, ‘அலைவு’ன்னா ஒரு ஒழுங்கோட ஆடுற மாதிரி ஆயிடுது, இங்க ஒழுங்கே கிடையாது. நெட்வொர்க் பாக்கிறவங்க யாராவது இதுக்கு பேச்சுல ஒரு சொல் புழங்கினா சொல்லுங்க, அதையே எடுத்துக்கலாம்.